வீட்டில் செய்த குறுக்கீட்டுமானியில் பஸ்ஸர் வட்டைக் கொண்டு ஒளியலையின் கட்டத்தை நகர்த்துவது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ட்வைமன்-கிரீன் வகைக் குறுக்கீட்டுமானி ஒன்றை வீட்டிலேயே அமைத்திருக்கிறீர்கள். ஒளியைப் பிரிப்பானால் இரண்டாக்கி, ஒன்றைச் சோதிக்கும் பரப்பிலும் மற்றொன்றை ஒப்பீட்டு ஆடியிலும் பட்டுத் திரும்பச் செய்து, இரண்டும் சேரும்போது தோன்றும் வெளிச்ச-இருள் பட்டைகளைப் பார்க்கும் கருவி அது. ஒளிமூலம் 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர். சோதிக்கப்படுபவை நீங்களே தேய்த்து மெருகேற்றிய, பூச்சு எதுவும் இல்லாத 25 மில்லிமீட்டர் கண்ணாடி வட்டுகள். ஒப்பீட்டு ஆடியை, ஒலியெழுப்பிகளில் இருக்கும், மின்னழுத்தத்தால் அசையும் 27 மில்லிமீட்டர் பஸ்ஸர் வட்டு ஒன்றின் மேல் ஒட்டி, வோல்ட்டுக்கு இத்தனை நானோமீட்டர் நகரும் என்று வேறொருவர் தம் வட்டில் அளந்து சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, மின்னழுத்தத்தைச் சம படிகளாக ஏற்றி நான்கு படங்கள் எடுத்திருக்கிறீர்கள். கணக்கிட்டு வந்த மேற்பரப்பு வரைபடத்தில், குறுக்கீட்டுப் பட்டைகளுக்கு இணையாக, ஆனால் அவற்றைவிட இரு மடங்கு நெருக்கமாக, உச்சிக்கும் தாழ்வுக்கும் இடையே சுமார் 8 நானோமீட்டர் வேறுபாட்டுடன் சுருக்கங்கள், மூன்று முறை எடுத்தபோதும், தெரிகின்றன. பஸ்ஸர் வட்டு இந்த வேலைக்கு லாயக்கற்றதா, மின்னழுத்தத்தால் நீளும் மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்த, விலை உயர்ந்த அடுக்குப் பீசோவை வாங்க வேண்டுமா, உயர் மின்னழுத்தச் சுற்று தேவையா, தொலைநோக்கி ஆடியைச் சோதிக்க வைத்திருக்கும் பாத் குறுக்கீட்டுமானியிலும் இதே முறை செல்லுபடியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பஸ்ஸர் வட்டு போதும். அடுக்குப் பீசோவை இப்போதைக்கு வாங்க வேண்டாம். அதை வாங்கிப் பொருத்தினாலும் இதே சுருக்கங்கள் இதே இடத்தில் வரும். உயர் மின்னழுத்தமும் தேவையில்லை. நீங்கள் பார்க்கும் சுருக்கம் வட்டின் குறையால் வந்ததன்று. ஒவ்வொரு படியும் 90 டிகிரி (கட்டத்தில், அதாவது அலையின் ஒரு முழுச் சுற்றில், கால் பங்கு) என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் 90 டிகிரியாக இல்லாததால் வந்தது. படியின் அளவைத் தெரிந்துகொள்ள வெளியிலிருந்து எந்த அளவுகோலும் வேண்டாம், உங்கள் மேசையில் விழும் பட்டைகளே அதைச் சொல்லும். பாத் அமைப்பில் மட்டும் இந்த முறை நேரடியாகப் பயன்படாது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் எவ்வளவு நகர வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்துவிடுவோம். ஒப்பீட்டு ஆடி ஒரு தொலைவு பின்னால் நகர்ந்தால், ஒளி போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் அந்தத் தொலைவைக் கூடுதலாகக் கடக்கிறது. ஆகவே ஒரு முழுச் சுற்றுக் கட்ட மாற்றத்திற்கு ஆடி அரை அலைநீளம், அதாவது 316.4 நானோமீட்டர், நகர்ந்தால் போதும். 90 டிகிரிப் படி ஒன்றுக்கு வேண்டியது எட்டில் ஒரு அலைநீளம், 79.1 நானோமீட்டர். இது செங்குத்தாக ஒளி விழும் ஆடிக்கான கணக்கு. 45 டிகிரியில் சாய்ந்து நிற்கும் ஆடியை நகர்த்துவதானால் முழுச் சுற்றுக்குச் சுமார் 447 நானோமீட்டர் தேவைப்படும். மேலும் கற்றை பக்கவாட்டில் இடம்பெயரும் என்பதால் அந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை. 27 மில்லிமீட்டர் வட்டுகளில் நான் அளந்தவரையில், விளிம்பை எப்படிப் பிடித்திருக்கிறோம், மேலே எவ்வளவு எடை ஏற்றியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து, நடுப்புள்ளி வோல்ட்டுக்குச் சில பத்து நானோமீட்டரிலிருந்து நூற்றுச் சொச்சம் வரை நகர்கிறது. எனவே ஒரு முழுச் சுற்றை நான்கைந்து வோல்ட்டிலேயே பெற்றுவிடலாம். அடுக்குப் பீசோவை எடுத்துக்கொண்டாலும் நிலைமை இதுதான். அதன் நீட்சி நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது நடைமுறைக் கணக்கு. 10 மில்லிமீட்டர் நீள அடுக்கு 150 வோல்ட்டில் சுமார் 10 மைக்ரோமீட்டர் நீளும் என்று வைத்தால், நமக்கு வேண்டிய படிக்கு 1.2 வோல்ட் போதும். அந்த நீட்சியில் நூற்றில் நான்கு பங்கைக்கூட நாம் பயன்படுத்தப் போவதில்லை.

பஸ்ஸர் வட்டு எப்படி இவ்வளவு நகர்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது பொருத்துவதற்கு உதவும். அழுத்தினால் மின்னேற்றம் தோன்றும் விளைவை பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் 1880இல் கண்டறிந்தனர். மின்புலம் கொடுத்தால் படிகம் உருமாற வேண்டும் என்று 1881இல் லிப்மன் கணித்தார். அதே ஆண்டில் கியூரி சகோதரர்கள் அதைச் சோதனையில் உறுதிசெய்தனர். இன்றைய பஸ்ஸர் வட்டில் இருப்பது ஈய சிர்கோனேட் டைட்டனேட் எனப்படும் பிஇசட்டி செராமிக். தடிமன் திசையில் மின்னழுத்தம் கொடுக்கும்போது அது அகலத்தில் மிகச் சிறிதளவே சுருங்கும் அல்லது விரியும். தனியாக இருந்தால் அந்த மாற்றம் நமக்குப் போதாது. ஆனால் அது பித்தளைத் தகட்டோடு ஒட்டப்பட்டிருக்கிறது, பித்தளை உடன் சுருங்க மறுக்கிறது. அதனால் வட்டு முழுவதும் ஆழமில்லாத கிண்ணம்போல் வளைகிறது. அதாவது பஸ்ஸர் வட்டு நீள்வதில்லை, வளைகிறது. அதன் மேல் எதையாவது பரவலாக ஒட்டினால் ஒட்டிய பொருளையும் சேர்த்து வளைக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சுருக்கங்களுக்கு வருகிறேன். நான்கு படக் கணக்கில், நான்காம் படத்திலிருந்து இரண்டாம் படத்தைக் கழித்து, அதை முதல் படத்திலிருந்து மூன்றாம் படத்தைக் கழித்து வந்த எண்ணால் வகுத்தால், ஒவ்வொரு புள்ளியிலும் கட்டத்தின் டான்ஜென்ட் கிடைக்கிறது. படி சரியாக 90 டிகிரி என்றால் இது துல்லியமானது. படியில் பிழை இருந்தாலோ, கணக்கிட்ட கட்டத்தில் அந்தப் பிழையின் பாதி வீச்சுள்ள ஓர் அலைவு, பட்டைகளைவிட இரு மடங்கு அடர்த்தியில் ஏறிக்கொள்ளும். பிழை 9 டிகிரி என்றால் அலைவின் வீச்சு 4.5 டிகிரி, உச்சியிலிருந்து தாழ்வுவரை 9 டிகிரி. மேற்பரப்பு உயரத்தில் இது 7.9 நானோமீட்டர். நீங்கள் சொன்ன 8 நானோமீட்டரை இதோடு பொருத்திப் பாருங்கள். உங்கள் படிகள் 81 டிகிரியாகவோ 99 டிகிரியாகவோ இருக்கின்றன என்று உங்கள் வரைபடமே சொல்லிவிட்டது. அதிர்வும் இதே இரு மடங்கு வடிவத்தைத் தரும் என்றாலும், அப்போது சுருக்கம் ஒவ்வொரு முறையும் வேறு அளவில் வரும். உங்களுக்கு மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்திருப்பதால் குற்றம் படியின் மேல்தான். சுருக்கம் பட்டைகளின் அதே அடர்த்தியில் வந்திருந்தால், படங்களுக்கிடையே லேசரின் ஒளிச்செறிவோ கேமராவின் திறப்பு நேரமோ மாறியிருக்கிறது என்று பொருள்.

இதற்கு முதல் மருந்து, நான்கு படங்களுக்குப் பதிலாக ஐந்து படங்கள் எடுப்பது. 1987இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தைச் சேர்ந்த பி. ஹரிஹரன், ஓரெப், எய்ஜு ஆகியோர் வெளியிட்ட சூத்திரம் இது. படங்களை ப1 முதல் ப5 வரை என்று குறித்தால்,

கட்டத்தின் டான்ஜென்ட் = 2 × (ப2 − ப4) ÷ (2 × ப3 − ப1 − ப5)

என்பதே அது. ஐந்தாவது படம் முதல் படத்திலிருந்து ஒரு முழுச் சுற்று தள்ளி இருப்பதால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும். அப்படியிருக்க அதை ஏன் எடுக்க வேண்டும் என்று தோன்றும். படியில் பிழை இருந்தால் அவை ஒன்றாக இரா. அந்த வேறுபாடுதான் பிழையை ஈடுசெய்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், உண்மையான டான்ஜென்ட்டைப் படிக்கோணத்தின் சைனால் வகுத்த எண் இங்கே கிடைக்கிறது. 90 டிகிரிக்கு அருகில் சைன் ஏறக்குறைய மாறாமல் ஒன்றாகவே நிற்பதால், அதே 9 டிகிரிப் பிழை இப்போது 0.35 டிகிரி வீச்சுள்ள அலைவாகச் சுருங்கிவிடுகிறது. மேற்பரப்பில் அது 0.6 நானோமீட்டர். ஒரேயொரு படத்தைக் கூடுதலாக எடுப்பதால் பதின்மூன்று மடங்கு குறைகிறது. வீட்டில் செய்யும் அமைப்புகளுக்கு இதைவிட நன்றியுள்ள சூத்திரத்தை நான் கண்டதில்லை.

ஆனால் சூத்திரம் பிழையைத் தாங்குகிறது என்பதற்காக அளவீட்டை விட்டுவிடக் கூடாது. அளக்கும் முறை எளிது. கேமராவில் நடுவிலுள்ள ஒரு சிறு சதுரத்தைத் தேர்ந்து அதன் சராசரி வெளிச்சத்தை மட்டும் பதிவு செய்துகொண்டே மின்னழுத்தத்தைச் சீராக, பத்து விநாடியில் 0விலிருந்து 10 வோல்ட்டுக்கு ஏற்றுங்கள். வெளிச்சம் சைன் அலைபோல் கூடிக் குறையும். அடுத்தடுத்த இரு உச்சிகளுக்கு இடையே ஆடி 316.4 நானோமீட்டர் நகர்ந்திருக்கிறது; இது ஒளியின் அலைநீளம் தரும் அளவு என்பதால் ஐயப்பட இடமில்லை. இந்த வரைபடத்தை முதன்முறை பார்க்கும்போது மூன்று விஷயங்கள் கண்ணில் படும். ஒன்று, உச்சிகள் சம இடைவெளியில் இரா. முதல் உச்சிக்கும் இரண்டாவதற்கும் 4.3 வோல்ட் என்றால் அடுத்ததற்கு 3.8 என்பதுபோல் நெருங்கிக்கொண்டே வரும். இரண்டு, அதே வேகத்தில் மின்னழுத்தத்தை இறக்கினால் உச்சிகள் வேறு மின்னழுத்தங்களில் விழும். காந்தப் பொருள்களில் படித்த அதே தயக்கம்தான் (ஹிஸ்டெரிசிஸ்) இது. மென்மையான பிஇசட்டி வகைகளில் முழு வீச்சுக்கு இது நூற்றுக்குப் பத்துப் பதினைந்துவரை போகும். மூன்று, மின்னழுத்தத்தை ஓரிடத்தில் நிறுத்திய பிறகும் பட்டைகள் அதே திசையில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். இந்த ஊர்வு மடக்கை விதிப்படி நடப்பது: 0.1 விநாடிக்கும் ஒரு விநாடிக்கும் இடையே எவ்வளவு ஊர்ந்ததோ, ஏறக்குறைய அவ்வளவே ஒரு விநாடிக்கும் பத்து விநாடிக்கும் இடையே ஊரும். காத்திருந்து நிற்க வைப்போம் என்று எண்ணினால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

ஆகவே வட்டை வழிக்குக் கொண்டுவர ஒரே வழி, அதற்கு ஒரு மாறாத பழக்கத்தை ஏற்படுத்துவதுதான். அளவெடுக்கும் முன் 0விலிருந்து உச்ச மின்னழுத்தம்வரை நான்கைந்து முறை ஏற்றி இறக்குங்கள். படங்களை எப்போதும் ஏறும் திசையிலேயே, எப்போதும் அதே வேகத்தில் எடுங்கள். உச்ச மின்னழுத்தத்தையும் மாற்றாதீர்கள், ஏனெனில் தயக்கத்தின் வளைவு எங்கே திரும்பினோம் என்பதைப் பொறுத்தது. இப்படிச் செய்தால் அதே வளைவு மறுபடி மறுபடி வரும். அந்த வளைவிலிருந்து 0, 90, 180, 270, 360 டிகிரிக்கான ஐந்து மின்னழுத்தங்களைப் படித்து ஓர் அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம். அவை சம இடைவெளியில் இல்லாமல் இருப்பது இயல்பு, அப்படித்தான் இருக்க வேண்டும்.

எடுத்த ஐந்து படங்களிலேயே படியின் அளவைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. ப5இலிருந்து ப1ஐக் கழித்து, அதை ப4இலிருந்து ப2ஐக் கழித்து வந்ததன் இரு மடங்கால் வகுத்தால், படிக்கோணத்தின் கோசைன் கிடைக்கும். சரியான 90 டிகிரிக்கு இது பூஜ்ஜியம். ஒவ்வொரு புள்ளிக்கும் இதைக் கணக்கிட்டு, ப4க்கும் ப2க்கும் வேறுபாடு மிகக் குறைவாக உள்ள புள்ளிகளை மட்டும் தள்ளிவிட்டு, மீதியைக் கோணமாக மாற்றி, எந்தக் கோணம் எத்தனை புள்ளிகளில் வருகிறது என்று காட்டும் ஒரு பரவல் வரைபடமாகப் போடுங்கள். 90ஐச் சுற்றி ஒடுங்கிய ஒற்றை மேடு வந்தால் நல்லது. மேடு நகர்ந்து 84இல் நின்றால் மின்னழுத்தத்தைத் திருத்துங்கள். மேடு அகன்று பரந்து கிடந்தால் மின்னழுத்தத்தைத் தொட வேண்டாம். ஆடி சாய்ந்துகொண்டே நகர்கிறது என்று அர்த்தம். வீட்டில் செய்தவற்றில் இதுவே பெரும்பாலும் உண்மையான நோய்.

சாய்வைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். என் முதல் அமைப்பில் 25 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஆடியின் முதுகு முழுவதும் எபாக்ஸி தடவி வட்டின் மேல் அழுத்தி ஒட்டினேன். மறுநாள் பசை இறுகியபோது நேராக இருந்த பட்டைகள் வில்லாக வளைந்திருந்தன. பசை சுருங்கி ஆடியைக் குதிரைச் சேணம்போல் இழுத்துவிட்டது. அதைவிட மோசம், மின்னழுத்தம் ஏற்றும்போது நடுவில் இரண்டு பட்டை கடக்கும் நேரத்தில் விளிம்பில் ஒன்றரைதான் கடந்தது. வட்டு வளைவதோடு ஆடியும் வளைந்தது. அந்த ஆடியைப் பிரித்தெடுக்க முடியாமல் வட்டோடு சேர்த்து ஒதுக்கிவைத்தேன். இப்போது நான் செய்வது இது: வட்டின் நடுப்புள்ளியில் 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய அலுமினியக் குச்சித் துண்டு ஒன்றை நிமிர்த்தி ஒட்டுகிறேன், அதன் தலையில் மூன்று சிறு துளி சிலிக்கோன் பசை வைத்து ஆடியை அதன் மேல் அமர்த்துகிறேன். வட்டின் வளைவு அந்தக் குச்சியோடு நின்றுவிடுகிறது. ஆடிக்கு ஏற்ற இறக்கம் மட்டுமே போய்ச் சேர்கிறது.

பித்தளைத் தகட்டின் விளிம்பையும் சுற்றிலும் ஒரே சீராகப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருகில் இறுக்கினால் வட்டு கதவுபோல் அந்தப் பக்கத்தைக் கீலாக்கிக்கொண்டு ஆடும். இரண்டு வளையங்களுக்கு நடுவே மெல்லிய ரப்பர் வளையம் வைத்து மூன்று திருகுகளால் சிறிது சிறிதாக இறுக்குவது நல்லது. பல வட்டுகளில் செராமிக் பகுதி பித்தளையின் நடுவில் சரியாக ஒட்டப்பட்டிருக்காது. வாங்கும்போதே பத்து வட்டுகள் வாங்கி, ஸ்கேலை வைத்துப் பார்த்து, நடுவாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எந்த அளவு சாய்வு பொறுக்கத்தக்கது என்பதை எண்ணால் சொன்னால்தான் விளங்கும். 20 மில்லிமீட்டர் அகலக் கற்றையின் ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் நகர்வில் நூற்றுக்குப் பத்து வேறுபாடு என்றால், ஐந்து படங்களுக்கான 316 நானோமீட்டரில் அது 32 நானோமீட்டர். கோணத்தில் இது ஒரு விகலையில் (டிகிரியில் 3600இல் ஒரு பங்கில்) மூன்றில் ஒரு பங்கு. எந்தத் தச்சுவேலைக் கருவியாலும் காண முடியாத இந்தச் சாய்வைப் பட்டைகள் காட்டிக்கொடுத்துவிடும்: முதல் படத்தையும் ஐந்தாம் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள், இடது ஓரத்தில் பட்டைகள் பொருந்தி வலது ஓரத்தில் விலகி நின்றால் அதுதான் சாய்வு. வட்டை வளையத்துக்குள் 90 டிகிரி திருப்பி வைத்து மறுபடி பாருங்கள். விலகலும் கூடவே திரும்பினால் குற்றம் வட்டில்; திரும்பாமல் அங்கேயே நின்றால் குற்றம் பிடிப்பில்.

இதற்குப் பிறகும் சாய்வு அடங்காவிட்டால், இரண்டு வட்டுகளை 25 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே குழாய்க்குள் பிடித்து, இரண்டின் நடுப்புள்ளிகளையும் ஓர் இலேசான குச்சி இணைக்கும்படி செய்யுங்கள். ஒரு வட்டு குச்சியைச் சாய்க்க முயன்றால் மற்றது தடுக்கும். மின்னழுத்தம் ஒரு வட்டுக்குப் போதும். இரண்டாவது வெறும் வழிகாட்டித் தகடு. நான் செய்தவற்றில் இந்த அமைப்பே திருப்தியானது. நகர்வு பாதியளவுக்குக் குறையும். மின்னழுத்தத்தை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம்.

மின்சுற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆரம்பத்தில் 9 வோல்ட் பேட்டரியும் பத்துச் சுற்றுப் பொட்டென்ஷியோமீட்டரும் மல்டிமீட்டரும் இருந்தால் கையால் திருகியே எல்லாவற்றையும் செய்து பழகலாம். கணினியால் இயக்க வேண்டுமானால் ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையோடு எம்சிபி4725 போன்ற 12 பிட் டிஜிட்டல்-அனலாக் மாற்றி போதும். 5 வோல்ட்டை 4096 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 1.2 மில்லிவோல்ட், வோல்ட்டுக்கு 80 நானோமீட்டர் நகரும் வட்டில் அது 0.1 நானோமீட்டர். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்தச் சில்லுக்குத் தனி ஒப்பீட்டு மின்னழுத்தம் கிடையாது. தனக்கு வரும் மின்வழங்கலையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறது. கணினியின் யுஎஸ்பியிலிருந்து வரும் 5 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட் இரைச்சல் இருந்தால், ஆடி 4 நானோமீட்டர் நடுங்கும். பேட்டரியிலிருந்தோ நல்ல ரெகுலேட்டரிலிருந்தோ தனியாக மின்சாரம் கொடுங்கள். வெளியீட்டில் 10 கிலோ ஓம் மின்தடையும் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்த்து 10 மில்லிவிநாடி வடிப்பானாக்குங்கள். வட்டின் சொந்த மின்தேக்குத்திறன் சுமார் 20 நானோஃபாரட்தான் என்பதால் அது இதைப் பாதிக்காது. மின்னழுத்தத்தை ஒரே துருவத்தில் மட்டும் கொடுங்கள். கம்பி பற்றவைப்பதானால் சூட்டுக்கோலை ஓரிரு விநாடிக்கு மேல் செராமிக்கில் வைக்காதீர்கள், சூடேறினால் அது தன் துருவத்தன்மையை இழக்கும். இந்தச் செராமிக்கில் ஈயம் இருக்கிறது; அதை அரத்தால் தேய்ப்பதோ உடைப்பதோ கூடாது, உடைந்தால் தூளைத் துடைத்தெடுத்துக் கையைக் கழுவுங்கள்.

நிறுத்தி நிறுத்திப் படம் எடுப்பதைவிட, மின்னழுத்தத்தைச் சீராக ஏற்றிக்கொண்டே கேமராவை ஓடவிடுவது மேல் என்பது என் அனுபவம். ஒரு படத்தின் திறப்பு நேரத்திற்குள் கட்டம் சரியாக 90 டிகிரி நகரும்படி வேகத்தை வைத்தால், ஒவ்வொரு படமும் அந்த 90 டிகிரிக்கான சராசரியாக இருக்கும். சூத்திரம் மாறாது, பட்டைகளின் தெளிவு மட்டும் 0.9 மடங்காகக் குறையும். அந்தப் பத்து சதவீத இழப்புக்கு ஈடாக, படிக்குப் படி வட்டு துள்ளி அடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஊர்வும் பெரிதாகத் தலைகாட்டாது. விநாடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஐந்து படங்களும் ஆறில் ஒரு விநாடியில் முடிந்துவிடும். கேமராவின் தானியங்கி வெளிச்சக் கட்டுப்பாட்டையும் காமா திருத்தத்தையும் அணைத்துவிட வேண்டும், ஜேபெக் சுருக்கம் இல்லாமல் சேமிக்க வேண்டும். உங்கள் கண்ணாடி பூச்சில்லாதது என்பதால் அதிலிருந்து திரும்புவது நூற்றுக்கு நான்கு பங்கு ஒளிதான். ஒப்பீட்டு ஆடி அலுமினியப் பூச்சுள்ளதென்றால் பட்டைகளின் தெளிவு 0.4 அளவிலேயே நிற்கும். அங்கேயும் பூச்சில்லாத தட்டைக் கண்ணாடி ஒன்றை, பின்பக்கத்திற்குக் கறுப்பு வண்ணம் பூசி வைத்தால் தெளிவு கூடும், எடையும் கூடாது.

விரைவாக எடுக்க வேண்டியதற்குக் காற்றும் ஒரு காரணம். காற்றின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரி செல்சியஸ் மாற்றத்திற்கு ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறும். ஒரு மீட்டர் ஒளிப்பாதையில் 0.1 டிகிரி மாறினால் ஒளிப்பாதை 93 நானோமீட்டர் மாறிவிடும். 90 டிகிரிப் படிக்கு நாம் உண்டாக்கும் ஒளிப்பாதை மாற்றமே 158 நானோமீட்டர்தான். மின்விசிறியை நிறுத்துங்கள், கற்றைகள் செல்லும் வழியை அட்டைப்பெட்டியால் மூடுங்கள், நீங்கள் சற்றுத் தள்ளி உட்காருங்கள். 10 சென்டிமீட்டர் அலுமினியத் தாங்கி நூற்றில் ஒரு டிகிரி சூடேறினாலே 23 நானோமீட்டர் நீளும். ஒரு தாங்கியைத் தொட்டுச் சரிசெய்தபின் கால் மணி நேரம் விட்டுவிட்டு அளவெடுங்கள். அடித்தளத்திற்கு, சமையல் மேடைக்குப் போடும் கடப்பைக் கல் பலகையை இலேசாகக் காற்றடைத்த ஸ்கூட்டர் டியூபின் மேல் வைத்தால், தெருவில் போகும் வண்டிகளின் அதிர்வு பெருமளவு அடங்கும்.

பாத் குறுக்கீட்டுமானியில் இதே வட்டைச் சிறு தட்டையாடிக்குப் பின்னால் வைத்து முயன்றால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். பட்டைகள் அசையாது. 1973இல் கார்ல்-லுட்விக் பாத் விவரித்த அந்த அமைப்பில், ஒரு கற்றை லென்ஸ் வழியாக விரிந்து தொலைநோக்கி ஆடியில் பட்டு, சிறு தட்டையாடி வழியாகப் பிரிப்பானுக்குத் திரும்புகிறது. மற்றக் கற்றை அதே வளையத்தை எதிர்த்திசையில் சுற்றி வருகிறது. தட்டையாடியை நகர்த்தினால் இரண்டு கற்றைகளின் பாதையும் ஒரே அளவில் நீள்கிறது, வேறுபாடு எழுவதில்லை. அதிர்வைப் பொறுத்துக்கொள்வது அந்த அமைப்பின் பெருமை. அந்தப் பெருமைக்கும் பீசோ அங்கே பலிக்காததற்கும் காரணம் ஒன்றே. அங்கே வேண்டுமென்றே சாய்வை ஏற்றி நெருக்கமான பட்டைகளை உண்டாக்கி, ஒற்றைப் படத்தை ஃபூரியே முறையில், அதாவது பட்டைகளை அலைகளாகப் பிரித்து, பகுப்பாய்வதே சரியான வழி. டக்கேடாவும் உடன் பணியாற்றியவர்களும் 1982இல் வெளியிட்ட முறை அது. டிஎஃப்டிஃபிரிஞ்ச் என்ற இலவச மென்பொருள் அதைத்தான் செய்கிறது. தொலைநோக்கி ஆடியின் பெரிய வடிவப் பிழைகளுக்கு அது போதும். நுண்ணிய மேடுபள்ளங்களையும் விளிம்புவரையிலான வடிவத்தையும் பார்க்க வேண்டிய உங்கள் 25 மில்லிமீட்டர் வட்டுகளுக்கே பீசோ முறை உண்மையில் தேவைப்படுகிறது.

அடுக்குப் பீசோவை எப்போது வாங்கலாம் என்றால், 50 கிராமுக்கு மேற்பட்ட கனமான ஒப்பீட்டு ஆடியைத் தூக்க வேண்டி வரும்போது. அப்போதும் அதை இழுவிசையிலோ பக்கவாட்டு விசையிலோ படவிடாமல், ஒரு வில்லால் முன்கூட்டியே அழுத்திவைத்தே பயன்படுத்த வேண்டும். தயக்கம், ஊர்வு, அளவீட்டு அட்டவணை ஆகிய எல்லாம் அங்கேயும் இருக்கும்.

கடைசியாக, ஐந்து படக் கணக்கு ஓடத் தொடங்கியதும் குறியைச் சரிபார்க்க மறவாதீர்கள். ஒற்றைப் படத்தில் மேடும் பள்ளமும் ஒன்றுபோலவே தெரியும். ஆடி எந்தத் திசையில் நகர்ந்தது என்று கணக்குக்குத் தெரிந்தால் மட்டுமே இரண்டும் பிரியும்; கம்பியை மாற்றிப் பற்றவைத்திருந்தால் மேடு பள்ளமாகிவிடும். பூச்சில்லாத கண்ணாடி ஒன்றின் முகத்தில் விரல் நுனியைப் பத்து விநாடி வைத்தெடுத்து, ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒற்றித் துடைத்து உடனே அளவெடுங்கள். விரல் பட்ட இடம் சூட்டில் விரிந்து சிறு மேடாக எழும்பியிருக்கும். சில நிமிடங்களில் அது தணிந்துவிடும். வரைபடத்தில் அது பள்ளமாகத் தெரிந்தால் சூத்திரத்தில் ப2ஐயும் ப4ஐயும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.